வீட்டு மாடியில் சூரிய மின்சாரம்: யாருக்குக் கட்டுப்படியாகும், எப்படிப் போடுவது?

"சோலார் போட எவ்வளவு ஆகும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விற்பவரும் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். ஆனால் தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணம் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரண்டு மாதத்துக்கு உங்கள் வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது? ஒரே தெருவில், ஒரே அளவு மாடியில், ஒரே விலைக்குப் பேனல் போட்ட இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மூன்றரை ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். இன்னொன்றுக்குப் பதினைந்து ஆண்டு ஆனாலும் திரும்பாது. இரண்டு மாடியிலும் வெயில் ஒன்றுதான். வேறுபடுவது பில்.

இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், தேவையில்லாதவர்கள் பெரிய அளவில் போட்டுவிட்டு வருந்துகிறார்கள். உண்மையிலேயே பயன்பெறக்கூடியவர்கள் "அதெல்லாம் பணக்காரர்களுக்கு" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். இரண்டையும் தவிர்க்கவே இந்தக் கட்டுரை.

முதல் படி: ஓராண்டு பில்லை எடுத்து வையுங்கள்

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். ஆகவே ஓராண்டுக்கு ஆறு பில். மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் மின்வாரியத்தின் இணையதளத்திலேயே பழைய கணக்குகள் கிடைக்கும். ஆறையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஏ.சி. ஓடும் வீடுகளில் எண்ணிக்கை சட்டென்று மேலே போயிருக்கும். மார்கழி, தை மாதங்களில் பாதியாகக் குறைந்திருக்கும். ஒரு கோடைக்கால பில்லை மட்டும் வைத்துக்கொண்டு அளவை முடிவு செய்வது தவறு. அதைத்தான் பலரும் செய்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பில்லைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சோலார் நினைவே வருகிறது.

இனி கட்டணம். 2014க்குப் பிறகு நீண்ட காலம் உயராமல் இருந்த வீட்டுக் கட்டணம் 2022 செப்டம்பரில் உயர்ந்தது. 2024 ஜூலையில் மீண்டும் உயர்ந்தது. அந்தத் திருத்தத்தின்படி முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. தாண்டிவிட்டால் 2.35 என்ற சலுகை விலையே போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ஆகிவிடும். 401 முதல் 500 வரை அதே 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55. நீங்கள் கணக்குப் போடும் நாளில் நடப்புக் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்கள் மாறலாம், ஏணி போன்ற இந்த அமைப்பு அப்படியேதான் இருந்து வருகிறது.

இந்த ஏணியைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய் வரும். 600 யூனிட் ஓடிய வீட்டுக்கு 2,880 ரூபாய். கூடுதலாக ஓடிய 100 யூனிட்டுக்கு 1,075 ரூபாய், அதாவது ஒவ்வொரு யூனிட்டும் கிட்டத்தட்ட பதினொரு ரூபாய். 800 யூனிட்டுக்கு 4,770. 1,000 யூனிட்டுக்கு 6,870.

மாடியில் விளையும் மின்சாரம், பகலில் வீட்டுக்குப் போக வாரியத்தின் கம்பிக்குப் போவதும் சேர்த்து, உங்கள் பயன்பாட்டை மேலிருந்து கீழாகக் கழிக்கிறது. முதலில் மறைவது விலை அதிகமான யூனிட்டுகள். 1,000 யூனிட் வீட்டில் பேனல் முதலில் 10.50 ரூபாய் யூனிட்டைக் கழிக்கும், பிறகு 9.45ஐ, பிறகு 8.40ஐ. 300 யூனிட் வீட்டில் அது கழிப்பது 4.70ஐயும் 2.35ஐயும்தான். பேனலின் விலையோ இருவருக்கும் ஒன்று.

இரண்டாம் படி: உங்கள் வீட்டுக்கான கணக்கு

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல மாடியில் இதைவிடக் கூடவே கிடைக்கும். ஆனால் கணக்குப் போடும்போது குறைவாக வைப்பதுதான் நல்லது. மாசி, பங்குனியில் விளைச்சல் உச்சத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறங்கும். ஆக, ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட். மூன்று கிலோவாட்டுக்கு 720.

விலையைப் பொறுத்தவரை, மானியத்துக்குத் தகுதியான தரமான பொருட்களுடன் மூன்று கிலோவாட் அமைக்கச் சுமார் 2 லட்சம் என்று கொள்வோம். ஊரையும் பேனலையும் தாங்குசட்டத்தின் உயரத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். ஒன்றிய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய். கைச்செலவு 1,22,000.

இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடும் வீடு மூன்று கிலோவாட் போட்டால் மீதம் 280 யூனிட். பில் 6,870இலிருந்து 611 ஆகும். ஆண்டுக்குச் சுமார் 37,500 ரூபாய் மிச்சம். மூன்றேகால் ஆண்டில் முதல் திரும்பிவிடும். எல்லாப் பில்லும் 1,000 யூனிட்டாக இருக்காது என்பதால் நான்கு, நான்கரை ஆண்டு என்று வைத்தாலும் இது மிக நல்ல முதலீடு.

600 யூனிட் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும். செலவு 1,40,000 என்றால் மானியம் 60,000 போகக் கையிலிருந்து 80,000. பில் 2,880இலிருந்து 47 ரூபாய்க்கு வரும். ஆண்டுக்கு 17,000 மிச்சம்; ஐந்து ஆண்டுக்குள் திரும்பும். அதே வீட்டில் ஒரே ஒரு கிலோவாட் போட்டாலும் பில் 987 ரூபாயாக இறங்குகிறது, ஏனென்றால் 500 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டோம். கையில் 50,000 மட்டுமே இருக்கிறது என்பவர் தயங்க வேண்டியதில்லை. சின்ன அளவிலும் பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும்.

இப்போது 400 யூனிட் வீடு. பில்லே 1,175 ரூபாய்தான். இந்த வீட்டுக்காரரிடம் போய் "மூன்று கிலோவாட்டுக்குத்தான் முழு மானியம், அதையே போடுங்கள்" என்று சொல்பவர் அவருக்கு நல்லது செய்யவில்லை. பில் முழுவதும் போனாலும் ஆண்டுக்கு 7,050 ரூபாய்தான் மிச்சம். 1,22,000 திரும்பப் பதினேழு ஆண்டு ஆகும். மிகுதியாக விளைவது வாரியத்தின் கம்பிக்குப் போகும். அதற்குக் கிடைக்கும் விலை, நாம் மின்சாரம் வாங்கும் விலைக்கு அருகில்கூட வராது. இந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட் போட்டால் எட்டு ஆண்டில் திரும்பும். அதுவும் போடலாம், அவசரமில்லை.

200, 250 யூனிட்டுக்குள் வாழும் குடும்பங்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். உங்களுக்குச் சோலார் இப்போது தேவையில்லை. அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கும்.

பெரிய வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மானியம் மூன்று கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது. நான்காவது கிலோவாட்டின் முழு விலையும் உங்களுடையது. மேலே சொன்ன 1,000 யூனிட் வீட்டில் அந்த நான்காவது கிலோவாட் மிச்சப்படுத்துவது இரண்டு மாதத்துக்கு 611 ரூபாய்தான். விலை உயர்ந்த யூனிட்டுகளை முதல் மூன்று கிலோவாட்டே கழித்துவிட்டன அல்லவா? 1,500, 2,000 யூனிட் ஓடும் வீடாக இருந்தால் மட்டுமே மூன்றுக்கு மேல் யோசிக்க வேண்டும்.

அதற்கு முன் மின்விசிறியைப் பாருங்கள்

இது சோலார் விற்பவர்கள் சொல்லாத படி. பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. வகை மின்விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும். நான்கு விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் வீட்டில், இரண்டு மாதத்துக்குச் சுமார் 130 யூனிட் குறையும். ஒரு விசிறி 3,000 ரூபாய் என்றால் மொத்தம் 12,000. அரைக் கிலோவாட் பேனல் செய்யும் வேலையை, அதில் பாதிச் செலவில் செய்துவிடுகிறது. பத்தாண்டு பழைய குளிர்சாதனப் பெட்டி, கதவு ரப்பர் தேய்ந்தது, கசியும் குழாயால் ஓயாமல் ஓடும் மோட்டார் இவற்றையும் சரிசெய்துவிட்டு, அடுத்த பில்லைப் பார்த்துப் பேனல் அளவை முடிவு செய்யுங்கள். 560 யூனிட்டில் இருந்த வீடு இதனாலேயே 430க்கு இறங்கிவிடும் என்றால், சோலார் கணக்கே மாறிவிடும்.

மாடியும் வீடும் தோதானவையா?

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். இப்போது வரும் 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூன்றேமுக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. மூன்று கிலோவாட்டுக்கு ஆறு பேனல்.

காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகிய மூன்றும்தான் வழக்கமான தடைகள். பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மேல் விழும் நிழல் அந்தத் தொடரின் விளைச்சலையே இழுத்துவிடும். இன்னொன்றும் உண்டு: கோடையில் நிழலில்லாத இடம் மார்கழியில் நிழலாகலாம், ஏனென்றால் அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிறது. தெற்குப் பக்கத்தில் உயர்ந்த கட்டடம் இருக்கிறதென்றால் அதைக் கவனியுங்கள்.

பேனல் தெற்கு நோக்கி, பத்து முதல் பதினைந்து டிகிரிச் சாய்வில் இருக்க வேண்டும். தமிழ்நாடு எட்டு டிகிரிக்கும் பதின்மூன்றரை டிகிரிக்கும் இடைப்பட்ட அட்சரேகையில் இருப்பதால் இந்தச் சாய்வு போதும். மழைநீர் வழிந்து தூசியைக் கழுவவும் இது உதவும்.

வடாம் காயப்போட, துணி உலர்த்த, இரவில் காற்று வாங்க மாடி வேண்டும் என்பவர்கள் எட்டடி உயரத் தாங்குசட்டம் கேட்கிறார்கள். செலவு கூடும், ஆனால் மாடி பயன்பாட்டில் இருக்கும், கீழே உள்ள அறையில் வெக்கையும் குறையும். உயரமாகப் போடுகிறவர்கள் காற்றை மறந்துவிடக் கூடாது. 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தாவும், 2018 நவம்பரில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியைச் சிதைத்த கஜாவும் நமக்குத் தெரியும். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் வடிவமைப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். கடலோர ஊர்களில் சாதாரண பெயின்ட் அடித்த இரும்பு இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்போ அலுமினியமோதான் வேண்டும்.

சட்டத்தின் காலை மாடியில் எப்படி நிறுத்துகிறார்கள் என்பது அடுத்தது. தட்டோடு பதித்த தளத்தைத் துளைத்துப் போல்ட் இறக்கினால், அடுத்த மழையில் கூரை ஒழுகத் தொடங்கலாம். தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் பீடம் கட்டி அதன்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். துளைத்தே ஆக வேண்டுமென்றால், துளையை அடைக்கும் முறையையும் ஒழுகினால் சரிசெய்யும் பொறுப்பையும் எழுதி வாங்குங்கள்.

ஐந்து ஆண்டுக்குள் மேலே இன்னொரு தளம் கட்டும் எண்ணம் உண்டா? அப்படியானால் பொறுத்திருங்கள். கழற்றி மாட்டும் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச வேண்டியிருந்தால், அதை முடித்துவிட்டுப் பேனல் ஏற்றுங்கள்.

மாடிக்கொரு இணைப்பு, கீழுக்கொரு இணைப்பு என்று இரண்டு மீட்டர் இருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. சோலார் ஒரு மீட்டரோடுதான் இணையும். எந்த மீட்டரின் பில் உயர்ந்த படியில் இருக்கிறதோ அதோடு இணையுங்கள். இரண்டையும் கூட்டி 900 யூனிட் என்று கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். 450, 450 என்று இரு மீட்டரில் பிரிந்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே மலிவான படியில்தான் இருக்கிறீர்கள்.

மின்தடையில் ஓடாது: இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

சோலார் போட்டால் கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்று நினைப்பவர்களே அதிகம். பேட்டரி இல்லாமல் வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் வகையில் அது நடக்காது. வெளியே மின்சாரம் நின்றதும், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் உங்கள் சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, குறை அல்ல.

பேட்டரியோடு கூடிய கலப்பு வகையும் இருக்கிறது. செலவு வெகுவாகக் கூடும். பேட்டரிக்கு ஆயுளும் குறைவு. மேலே போட்ட கணக்கெல்லாம் பேட்டரி இல்லாத வகைக்கே பொருந்தும். தடைநேரத்தில் விளக்கும் விசிறியும் ஓடினால் போதும் என்றால், வீட்டில் இருக்கும் பழைய பேட்டரி இன்வெர்ட்டரே அதைச் செய்யட்டும். பகலில் பல மணி நேரம் மின்தடை உள்ள ஊரில் இருப்பவர் மட்டும் தனியாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் தடை நேரத்தில் விளைச்சலும் வீணாகிறது.

மானியமும் கடனும்

பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2026-27 நிதியாண்டு வரை காலம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு ஆகியவற்றுக்காகப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு.

மானியத்துக்கு நிபந்தனை, பேனலும் அதற்குள் இருக்கும் மின்கலமும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். இந்தப் பேனல் வெளிநாட்டுப் பேனலைவிட விலை கூடுதல். "மானியத்துக்கு முன் விலை" என்று ஒருவர் மிகக் குறைவாகச் சொன்னால், அது எந்தப் பேனலுக்கான விலை என்று கேளுங்கள். பணம் திட்டத்தின் வழியாக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும், வேலை முடிந்து மீட்டர் மாற்றி ஆய்வும் நடந்த பிறகு. அதுவரை முழுத் தொகையையும் நீங்கள்தான் புரட்டியாக வேண்டும். இதைத்தான் பலரும் எதிர்பார்ப்பதில்லை.

இன்னொரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பொருள் 70, வேலை 30 என்று பிரித்து வரி போடுவதால் மொத்தத்தில் 13.8 சதவீதமாக இருந்தது 8.9 ஆகியிருக்கிறது. விலைப்பட்டியலில் இந்தக் குறைவு தெரிகிறதா என்று பாருங்கள்.

புரட்டப் பணம் இல்லாதவர்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் இத்திட்டத்தின் கீழ் ஈடு இல்லாமல் கடன் தருகின்றன. வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு இணைந்தது. ஆண்டுக்கு ஆறு, ஏழு சதவீத அளவில் இருக்கும். நகைக்கடனைவிட மலிவு. மானியம் வந்ததும் அதைக் கடனில் கட்டிவிட்டு மீதியைத் தவணையாகச் செலுத்துவதுதான் சரியான வழி. 1,000 யூனிட் வீட்டுக்கு, மானியமும் முன்பணமும் போக 1,10,000 ரூபாய் ஐந்தாண்டுக் கடனாக நின்றால், 6.5 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 2,150 ரூபாய். மின் பில்லில் மாதம் மிச்சமாவது 3,100. முன்பணத்துக்கு மேல் கையிலிருந்து போடாமலேயே முதல் மாதத்திலிருந்து லாபம். 600 யூனிட் வீட்டுக்குத் தவணையும் மிச்சமும் சரிக்குச் சரியாக இருக்கும். ஐந்தாண்டுக்குப் பிறகு முழுவதும் லாபம். நடுத்தரக் குடும்பத்துக்குச் சோலாரை உண்மையில் எட்டும்படி ஆக்கியது மானியத்தைவிட இந்தக் கடன்தான் என்பது என் கருத்து.

விண்ணப்பம்

திட்டத்தின் தேசிய இணையதளத்திலோ செயலியிலோ கைபேசி எண்ணைக் கொண்டு பதிவு செய்து, மாநிலம், மின்வாரியம், மின் இணைப்பு எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. "மானியத்துக்கு முன்பணம்" என்று யார் இணைப்பு அனுப்பினாலும் தொடாதீர்கள். பத்து கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதியைத் திருத்திவிட்டார்கள். ஆகையால் இந்தக் கட்டம் விரைவாகவே கடக்கும்.

தாமதம் வருவது பெயரில்தான். மின் இணைப்பு இன்னும் மறைந்த தாத்தாவின் பெயரிலோ வீட்டை விற்றவர் பெயரிலோ இருக்கும். வங்கிக் கணக்கு ஒரு பெயரில், ஆதார் இன்னொரு எழுத்துக்கூட்டலில். சோலார் பற்றி யோசிக்கத் தொடங்கிய நாளிலேயே இணைப்பின் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்துக்குப் போகும்போது இரண்டு விஷயங்களையும் கேட்டுவிடுங்கள்: உள்ளே வரும் யூனிட்டையும் வெளியே போகும் யூனிட்டையும் தனித்தனியாக எண்ணும் இருவழி மீட்டர் கையிருப்பில் உள்ளதா, சோலார் இணைப்புக்கென மாதந்தோறும் தனிக் கட்டணம் ஏதேனும் பில்லில் சேருமா. சேரும் என்றால் அந்தத் தொகையை நாம் போட்ட கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கொடுப்பது?

திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இணையதளத்திலேயே இருக்கிறது. அவர்களிடம் செய்தால்தான் மானியம். குறைந்தது மூன்று பேரிடம் விலைப்பட்டியல் வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருபவரை விட்டுவிடலாம். பேனலின் நிறுவனம், வாட், எண்ணிக்கை, இன்வெர்ட்டரின் நிறுவனமும் உத்தரவாதக் காலமும், தாங்குசட்டத்தின் உலோகம், தடிமன், உயரம், கம்பியின் அளவு, எர்த் குழிகள் எத்தனை, இடிதாங்கி உண்டா, மீட்டர் செலவு யாருடையது. இவையெல்லாம் வரி வரியாக இருக்க வேண்டும். எர்த் குழி மூன்று வேண்டும்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. விலையைக் குறைத்துக் காட்ட முதலில் வெட்டப்படுவது இதுதான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பேனலுக்கு விளைச்சல் உத்தரவாதம் பொதுவாக 25 ஆண்டு. அது நீண்ட காலம் உழைக்கும். ஆண்டுக்கு அரை சதவீதத்தை ஒட்டித்தான் திறன் குறையும். முதலில் பழுதாவது இன்வெர்ட்டர். பத்து ஆண்டு உத்தரவாதம் உள்ளதையே கேளுங்கள். அதன் பிறகு மாற்ற 30,000, 40,000 ரூபாய் ஆகலாம் என்று மனதில் வையுங்கள். நிறுவியவர் ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஆகவே உங்கள் ஊரில், கூப்பிட்டால் வரக்கூடிய தொலைவில் இருப்பவருக்கு நான் முன்னுரிமை கொடுப்பேன், விலை ஐயாயிரம் கூடினாலும்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தின்போது ஒரு பகுதி, பொருள் வந்து இறங்கியதும் பெரும்பகுதி, கடைசிப் பத்து சதவீதம் இருவழி மீட்டர் பொருத்தி ஓடத் தொடங்கிய பிறகு. முழுப் பணத்தையும் முன்பே கொடுத்துவிட்டால் மீட்டருக்காக அலுவலகம் ஏறி இறங்குவது உங்கள் வேலையாகிவிடும்.

பொருத்தும் நாளும் அதற்குப் பிறகும்

பொருத்துவது இரண்டு, மூன்று நாள் வேலை. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வரிசை எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதத்துக்கும் மானியத்துக்கும் அவை தேவைப்படும். இன்வெர்ட்டரை வெயிலும் மழையும் நேராகப் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் "சும்மா ஓடட்டுமே" என்று சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். பழைய மின்னணு மீட்டர்களில் சில, மின்சாரம் எந்தப் பக்கம் போனாலும் பயன்பாடாகவே எண்ணும். நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டுக்கும் உங்களிடமே பில் வரும். வாரியம் இருவழி மீட்டரைப் பொருத்தி ஒப்புதல் தரும் வரை நிறுத்தியே வையுங்கள்.

பராமரிப்பு எளிது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையிலோ வெயில் இறங்கிய பின்போ கழுவ வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் காய்ந்தால் வெள்ளைக் கறை படியும். நல்ல தண்ணீரால் கழுவி, மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள். சாலையோர வீடுகளிலும் காக்கை அதிகம் வரும் மாடிகளிலும் வாரம் ஒருமுறை தேவைப்படலாம்.

இன்வெர்ட்டரின் செயலியில் தினசரி விளைச்சல் தெரியும். அங்கே காட்டுவது மொத்த விளைச்சல். பில்லில் வருவது வீட்டுக்குப் போக வெளியே போன யூனிட் மட்டும். இரண்டும் ஒன்றாக இருக்காது, பதற வேண்டாம். முதல் பில் வந்ததும் அதில் உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ரீடிங் எடுத்த அன்று மீட்டரின் இரண்டு எண்களையும் நீங்களும் படம் எடுத்து வையுங்கள். வெளியே போனது கழிக்கப்படாமல் பழைய முறையிலேயே பில் வந்திருந்தால், அந்தப் படத்தோடும் மீட்டர் பொருத்திய நாளின் ஒப்புதல் கடிதத்தோடும் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.